லயமும் வரைபலகையும்: ஊவாப் பெருந்தோட்டங்களும் பல்கலைக்கழக இடவெளி வடிவமைப்புக் கல்வியும்

1

கட்டடக்கலை, நகரத் திட்டமிடல், நிலத்தோற்றக்கலை ஆகிய மூன்றும் நெடுங்காலம் தனித்தனித் துறைகளாகவே பயிலப்பட்டு வந்தன. 1959ஆம் ஆண்டு கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பேர்க்லியில் அவற்றை ஒருங்கிணைத்துச் ‘சூழல் வடிவமைப்புக் கல்லூரி’ எனப் பெயரிட்டபோது புதியதொரு நோக்கு நிறுவன வடிவம் பெற்றது. கட்டடம் தனித்து நிற்பதன்று. நிலம், நீர், காற்று, பாதை, அயல் என்பவற்றோடு சேர்ந்தே அது மனித வாழ்வை உருவாக்குகிறது என்பதே அந்நோக்கின் சாரம். இன்று எமது நாட்டிலும் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை, நகர நாட்டுத் திட்டமிடல், நிலத்தோற்றக்கலை, வடிவமைப்பு ஆகியன பட்டப் படிப்புகளாக உள்ளன.

மனிதர் எங்கே உறங்குவது, எவ்வழியே நடப்பது, எந்த நீரை மொள்வது, எதனைக் கண்முன்னே காண்பது என்பவற்றை முன்கூட்டித் தீர்மானிப்பதே இடவெளி வடிவமைப்பு எனலாம். அவ்வாறாயின் தீர்மானிப்போர் யாவர், யாருக்காகத் தீர்மானிக்கின்றனர் என்னும் வினாக்கள் தவிர்க்க முடியாதவை. அவை தொழில்நுட்ப வினாக்கள் அல்ல, வரலாற்று வினாக்கள். இலக்கிய வரலாற்றைச் சமூகவியல் அடிப்படையிற் பயிலும் நாம் கட்டடக்கலைஞரின் துறைக்குட் புகுவதற்கு இதுவே நியாயமாகும். வெலிமடையை நடுவாகக் கொண்டு ஊவாப் பெருந்தோட்டங்களின் இடவெளி அமைப்பை ஆராய்ந்து, அவ்வமைப்புக்கும் பல்கலைக்கழக வடிவமைப்புக் கல்விக்குமுள்ள உறவை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோட்டத்து லயங்களைப் பற்றிப் பேசுவோர் பொதுவாக அவை ‘திட்டமின்றிக்’ கட்டப்பட்டவை, ‘வசதியற்றவை’ என்பர். வசதியற்றவை என்பது உண்மை. திட்டமின்றிக் கட்டப்பட்டவை என்பது பிழை. இலங்கையின் வரலாற்றில் பெருந்தோட்டத்தைப் போல் நுணுக்கமாகத் திட்டமிடப்பட்ட இடவெளி மிகச் சிலவே. லயம் வடிவமைப்பின் இன்மையால் விளைந்ததன்று; வடிவமைப்பின் விளைவேயாகும். இதனை நிறுவுவது எமது முதற்பணி.

2

ஊவாவின் நிலவுருவை முதலில் நோக்குதல் வேண்டும். 1817-18இல் பிரித்தானிய ஆட்சிக்கெதிராக மூண்ட கிளர்ச்சியின் களம் ஊவா. அக்கிளர்ச்சி கொடூரமாக அடக்கப்பட்டது. வெலிமடைக்கு அண்மையில் ‘வில்சன் பங்களா’ என வழங்கிய ஊர், பிற்காலத்தில் அக்கிளர்ச்சியின் தலைவரான கெப்பெட்டிபொலவின் பெயரைப் பெற்றது. ஓர் ஊரின் பெயர் மாற்றத்திலேயே இரு வரலாறுகள் மோதுகின்றன. ஆயின், அவ்வூரைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களின் வரலாற்றைச் சுட்டும் பெயர் அவ்விரண்டிலும் இல்லை என்பதும் மனங்கொள்ளத்தக்கது.

1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்க முடிக்குரிய காணிகள் கட்டளைச்சட்டமும், 1897ஆம் ஆண்டின் தரிசுநிலக் கட்டளைச்சட்டமும் உறுதிப்பத்திரமற்ற காட்டையும் சேனை நிலத்தையும் பத்தனைப் புல்வெளியையும் அரசின் உடைமையாகக் கொள்ள வழிசெய்தன. கிராமத்தவருக்கு மேய்ச்சலும் விறகும் சேனைப் பயிரும் தந்த பொதுவெளி, விலைக்கு விற்கப்படும் ‘காணி’யாயிற்று. 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தது. அதன் இடத்தைத் தேயிலை பிடித்தது. 1885இல் நானுஓயாவை எட்டிய இருப்புப்பாதை 1924இல் பதுளையை அடைந்தது. காணிச் சட்டம், பயிர், இருப்புப்பாதை ஆகிய மூன்றும் சேர்ந்து மலைநாட்டின் நிலத்தோற்றத்தை இரண்டு மூன்று தலைமுறைகளுள் முற்றாக மாற்றியமைத்தன.

இம்மாற்றத்தின் உள்ளமைப்பை ஒரு தோட்டத்தினுள் நின்று காணலாம். துரையின் பங்களா உயர்ந்த மேட்டில், காட்சியும் காற்றும் நன்கு வாய்க்கும் இடத்தில் நிற்கும். ‘ஸ்டோர்’ என மக்கள் வழங்கும் தேயிலைத் தொழிற்சாலை பாதைக்கும் நீருக்கும் அணித்தாக அமையும். பாதைகள் சரிவின் சமவுயரக் கோடுகளைத் தழுவிச் செல்லும். மண் அரியாதிருக்கக் கான்கள் கணக்காக வெட்டப்பட்டிருக்கும். இவை யாவும் அமைந்தபின், தேயிலைக்கு உதவாத பள்ளத்திலோ ஓடையோரத்திலோ செங்குத்தான சரிவின் அடியிலோ எஞ்சிய நிலமே லயங்களுக்கு ஒதுக்கப்படும். பயிருக்கு முதலிடமும் மனிதருக்குக் கடையிடமும் வழங்குவதே இவ்வமைப்பின் தருக்கம்.

தொழிற்சாலைக்கும் லயத்துக்குமுள்ள வேறுபாடு இதனை மேலும் தெளிவாக்கும். பறித்த கொழுந்து வாட வேண்டுமெனில் அதனூடே காற்று இடையறாது செல்லல் வேண்டும். அதற்காகவே ஸ்டோரின் மேல்மாடிகள் நெடுகிலும் யன்னல்களுடன் அமைக்கப்பட்டன. காற்றின் திசை, ஈரப்பதன், வெப்பநிலை யாவும் கணிக்கப்பட்டன. ஊவாவுக்கு மழையைப் பெரும்பாலும் தருவது ஒக்டோபர் தொடங்கி வீசும் வடகீழ்ப் பருவக்காற்று. யூலை முதல் செப்தெம்பர் வரையிலான காலத்தில் மலையைத் தாண்டி வரும் வறண்ட கச்சான் காற்றே ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிற் பெயர் தேடித் தந்த மணத்தை உண்டாக்குகிறது. இத்துணை நுட்பமாகக் காற்றை அறிந்திருந்தவர்கள்தாம், இரு வரிசைக் காம்பராக்கள் ஒரே பின்சுவரைப் பகிர்ந்து நிற்கும் இரட்டை லயங்களைக் கட்டினர். பின்சுவர் பொதுவாயின் குறுக்குக் காற்றோட்டம் இயலாதென்பது எளிய வடிவகணிதம். கொழுந்துக்குக் காற்றை அளந்து கொடுத்த அறிவு, கொழுந்தைப் பறித்தவருக்கு அதனை மறுத்தது. இது அறியாமையன்று, எதற்குச் செலவிடுவது என்பதைப் பற்றிய முடிவு.

பழைய லயக் காம்பராவொன்று பொதுவாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதாவது 120 சதுர அடி. முன்னே ஒடுங்கிய இஸ்தோப்பு. சமையல், உறக்கம், பிள்ளைப்பேறு, நோய், மரணம் யாவும் இதற்குள்ளேயே. இந்த அளவு குடும்பத்தைக் கருதி வகுக்கப்பட்டதாகத் தெரியவில்லை. தனி உழைப்பாளரைக் கருதி, அவர் மறுநாட் காலை வேலைக்கு வருமளவுக்கு உறங்குவதற்குத் தேவையான குறைந்தபட்ச இடமாகவே அது தோன்றுகிறது. உழைப்புச் சக்தியின் மறுவுற்பத்திச் செலவை இயன்றவரை குறைத்தல் என்னும் மூலதனத்தின் விதி இங்கே சுவராகவும் கூரையாகவும் உருக்கொண்டுள்ளது.

3

தோட்டத்து வழக்குச் சொற்கள் இவ்விடத்திற் பெருந்துணை புரிகின்றன. ‘லயம்’ அல்லது ‘லயன்’ என்பது ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபு. படைவீரர் குடியிருப்பு வரிசைகளையும் அக்காலத்து ஆங்கிலேயர் அச்சொல்லாலேயே குறித்தனர். அதிகாலையில் ஆட்களைத் திரட்டி வேலை பிரிக்கும் இடம் ‘பெரட்டுக்களம்’. அது ‘பரேட்’ என்பதன் வழி வந்தது. ஆட்களைத் திரட்டுவதற்குரிய ‘மஸ்டர்’ என்னும் சொல்லும் பாளையத்துக்கே உரியது. தொடக்ககாலத்தில் மலைநாட்டிற் காணி வாங்கியோருள் இராணுவ அதிகாரிகளும் அரச உத்தியோகத்தரும் பலராயிருந்தனர் என்பது வரலாறு. எனவே, தோட்டத்தின் இடவெளி கிராமத்தை முன்மாதிரியாகக் கொண்டதன்று. பாளையத்தையே முன்மாதிரியாகக் கொண்டது.

இதனோடு தமிழ்க் கவிதை மரபின் திணைக் கோட்பாட்டை ஒப்புநோக்குதல் பயனுடைத்து. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றது. அந்நிலத்து மரம், விலங்கு, பறை, தொழில் முதலியவற்றைக் கருப்பொருள் என்றது. மக்களின் ஒழுக்கத்தை உரிப்பொருள் என்றது. நிலம், உற்பத்தி, உணர்வு ஆகிய மூன்றையும் பிரிக்கவொண்ணாத் தொடர்பிற் கண்ட இக்கோட்பாடு, சூழலுக்கும் வாழ்வுக்குமுள்ள உறவை முறைப்படுத்த முயன்ற பழைய சிந்தனைகளுள் ஒன்று. பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் உற்பத்தி சமனற்று வளர்ந்தமையின் பதிவாக அதனை எமது ஆய்வாளர்கள் விளக்கியுள்ளனர்.

பெருந்தோட்டத்தில் இத்தொடர்பு குலைக்கப்பட்டது. நிலம் குறிஞ்சிதான், ஆனால் அங்கு விளைவது அம்மக்கள் உண்ணும் தினையன்று, இலண்டன் ஏலச்சந்தைக்குரிய தேயிலை. பறை இருந்தது, வெறியாட்டுக்கன்று, விடியற்காலையில் ஆட்களை எழுப்புவதற்குத் தப்பு அடிக்கப்பட்டது. பொழுதும் இருந்தது, அது பெரட்டுக்களத்தின் பொழுது. நிலத்தினின்றும் பொழுதினின்றும் உழைப்பாளர் அந்நியப்படுத்தப்பட்டமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் இம்மக்கள் வெறுமனே அடைக்கப்பட்டோராய் மட்டும் வாழ்ந்தாரல்லர். தமக்கு வகுக்கப்பட்ட இடவெளியைத் தமதாக்கிக்கொண்டனர். நீர் விழும் பீலிக்கரை பெண்கள் கூடிப் பேசும் மன்றமாயிற்று. லயத்து முன்றில் மாசி மாதத்திற் காமன் பொட்டலாகிக் கூத்துக் களமாயிற்று. மரத்தடிக் கல் மாரியம்மன் கோயிலாயிற்று. லயத்துக்குப் பின்னே கைப்பிடியளவு நிலம் மரக்கறித் தோட்டமாயிற்று. இவையும் இடவெளி வடிவமைப்பே. வரைபலகையின்றி, ஊதியமின்றி, உரிமையின்றி மக்கள் செய்த வடிவமைப்பு.

4

இனி, பல்கலைக்கழகத் துறையின் வரலாற்றுக்கு வருவோம். இலங்கையில் திட்டமிடல் என்னும் நவீன துறை குடியேற்ற ஆட்சிக்காலத்திலேயே கால்கொண்டது. ஸ்கொத்லாந்தின் பட்றிக் கெடிஸ் 1914-15இல் சென்னை மாகாணத்து நகரங்களை ஆராய்ந்து அறிக்கைகள் எழுதினார். 1921இல் கொழும்புக்கும் திட்டமொன்றை அளித்தார். பழைய நகரொன்றைத் திருத்துமுன் அதன் தெருக்களில் நடந்து, மக்கள் அதனை எவ்வாறு பயன்படுத்துகின்றனர் என்று கண்டறிதல் வேண்டும் என்பது அவரது முறை. இடித்துத் தள்ளுவதை அவர் விரும்பவில்லை; குறைந்த சேதத்துடன் செய்யும் சிகிச்சையே தகும் என்றார். பின்னர் பட்றிக் அபர்குரொம்பியும் கிளிபர்ட் ஹொலிடேயும் பேராதனைப் பல்கலைக்கழக வளாகத்தைத் திட்டமிட்டனர்; ஷேர்லி டி அல்விஸ் அதன் கட்டடங்களை வடிவமைத்தார். 1946இல் நகர நாட்டுத் திட்டமிடற் கட்டளைச்சட்டம் நிறைவேறியது. நகருக்குத் திட்டம் வந்தது. பல்கலைக்கழகத்துக்குத் திட்டம் வந்தது. நாட்டின் செல்வத்தை ஈட்டிய தோட்டத்துக்கோ தோட்ட நிருவாகத்தின் திட்டமே போதுமெனக் கொள்ளப்பட்டது.

சுதந்திரத்தின் பின் தோன்றிய கட்டடக்கலை உலகின் கவனத்தை ஈர்த்தது. கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா, 1948இல் பிரித்தானிய அரச கட்டடக்கலைஞர் நிறுவகத்தின் துணையுறுப்பினரான முதல் ஆசியப் பெண். 1950களிற் கண்டி வட்டப்புளுவையில் அரச ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை வகுத்தபோது, குடியேறவிருந்தோரிடம் வினாக்கொத்துக் கொடுத்து அவர்தம் தேவைகளைக் கேட்டறிந்தார். அக்காலத்தில் இஃது அரிய செயல். அவருடைய தாயார் அக்னஸ் டி சில்வா, டொனமூர் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்தபோது, தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் பெண்களே, அவர்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என வாதிட்டவர். தாய் வாக்குரிமை கேட்டார். மகள் வீட்டில் வாழப்போவோரின் கருத்தைக் கேட்டார். இவ்விரு மரபுகளும் லயத்து வாயிலிற் சந்தித்திருக்க வேண்டும். சந்திக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. நாடற்றவரிடம் வீடு எப்படியிருத்தல் வேண்டுமெனக் கேட்பார் யார்?

ஜெப்ரி பாவா, உல்ரிக் பிளெஸ்னர் ஆகியோரின் பணியும் ஊவாவுக்குப் புறம்பானதன்று. 1960களின் தொடக்கத்திற் பண்டாரவளை நல்லாயன் கன்னியர் மடத்துக்கு அவர்கள் அமைத்த சிற்றாலயம், மலைச்சரிவையும் உள்ளூர்க் கல்லையும் ஒளியையும் இணைத்தமைக்காகப் போற்றப்படுகிறது. அப்பாராட்டு தகும். ஆயின், அதே கல்லாலும் அதே சரிவிலும் எழுந்த லயங்கள் அண்மையிலேயே உள்ளன. நிலத்தோடு இயைதல் என்னும் அழகியல் ஒருபுறம் ஆலயத்தை ஆக்கிற்று. மறுபுறம் லயத்தைத் தொட்டதில்லை. தனிக் கலைஞரைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. கலையை வேண்டி அழைத்தவர் எவ்வகுப்பினர் என்பதே வினா.

கட்டுபெத்தையில் 1966இல் தொழில்நுட்பக் கல்லூரி அமைந்தது. 1972இல் அது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் வளாகமாயிற்று. 1978இல் மொறட்டுவைப் பல்கலைக்கழகமாயிற்று. இதே காலப்பகுதியிற்றான் தோட்டங்களும் கைமாறின. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டமும் 1975ஆம் ஆண்டின் திருத்தமும் பெருந்தோட்டங்களை அரசுடைமையாக்கின. அரசின் பல்கலைக்கழகமும் அரசின் தோட்டமும் ஒருங்கே இருந்த அந்த ஏறத்தாழ இருபதாண்டுக் காலம் ஓர் அரிய வாய்ப்பு. திட்டமிடும் அறிவையும் திட்டம் வேண்டிய நிலத்தையும் அரசே வைத்திருந்தது. எனினும் உடைமை மாறிற்றேயன்றி இடவெளியின் உறவுகள் மாறவில்லை. துரை பங்களாவிலே இருந்தார். மக்கள் லயத்திலேயே இருந்தனர். 1992இல் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. சட்டவழி அரசுடைமையும் சமூகவுடைமையும் ஒன்றல்ல என்பதற்கு லயம் கல்லிலெழுந்த சான்று.

5

இத்துறையைக் கற்கும் வாய்ப்பு யாருக்குக் கிட்டுகிறது என்பதையும் ஆராய்தல் வேண்டும். 1970களின் தொடக்கத்திற் புகுத்தப்பட்ட தரப்படுத்தலும், 1974 முதலான மாவட்டக் கோட்டாவும் பற்றி வடபுலத்து நோக்கிலிருந்து பெரிதும் எழுதப்பட்டுள்ளது. மலையகத்து நோக்கிலிருந்து எழுதப்பட்டது குறைவு. பதுளை மாவட்டம் பின்தங்கிய மாவட்டங்களுள் ஒன்றாகக் கொள்ளப்பட்டது. ஆயினும் கோட்டா மாவட்டத்தைக் கணக்கிட்டதே தவிர வர்க்கத்தைக் கணக்கிடவில்லை. உயர்தர வகுப்பிற் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் பாடசாலை எங்குள்ளதோ அங்குள்ள பிள்ளைக்கே கோட்டா பயன்படும். தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றமை 1970களிலேதான் பேரளவில் நிகழ்ந்தது. இலவசக் கல்வி 1945இல் நாட்டுக்கு வந்தது. தோட்டத்துக்கு வர மேலும் ஒரு தலைமுறை சென்றது. ஓரறைப் பாடசாலையில் ஐந்து வகுப்புகள் ஒன்றாக நடக்கும்போது மாவட்டக் கோட்டா தூரத்து மழையே.

வடிவமைப்புத் துறைகளுக்கு மேலும் தடைகள் உள. கட்டடக்கலை, வடிவமைப்பு ஆகிய படிப்புகளுக்கு உயர்தரப் பெறுபேற்றோடு உளச்சார்புப் பரீட்சையும் வேண்டும். கல்விமொழி ஆங்கிலம். வரைகருவி, மாதிரியுரு செய்யும் பொருள், கணினி என்பவற்றுக்குச் செலவு அதிகம். 2005இல் பதுளையில் நிறுவப்பட்ட ஊவா வெல்லச பல்கலைக்கழகம் தேயிலைத் தொழில்நுட்பத்தைப் பட்டப்படிப்பாகக் கொண்டுள்ளது. அது வரவேற்கத்தக்கதே. எனினும் தேயிலையை எப்படிச் சிறப்பாக உலர்த்துவது என்னும் கேள்விக்குப் பதுளையில் இருக்கை கிடைத்தது. தேயிலை பறிப்போர் எப்படி உறைவது என்னும் கேள்விக்கு இன்னும் கிடைக்கவில்லை.

தடைகளைத் தாண்டிச் செல்வோரும் உளர். வெலிமடைப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து இத்துறைக்குச் சென்ற மாணவி ஒருவரை நாம் அறிவோம். வளர்ந்த வீட்டின் கிடைப்படத்தை வரையுமாறு முதலாண்டிற் பணிக்கப்பட்டபோது, அவர் காம்பராவை ஒரு சிறு சதுரமாக வரைந்துவிட்டு, பீலிக்கரை, படிக்கட்டு, பிள்ளைக் காம்பரா, கோயில், அயல் காம்பராக்கள், கொழுந்து மலைக்குச் செல்லும் பாதை யாவற்றையும் விரிவாக வரைந்தாராம். வீட்டைத்தான் கேட்டோம், சுற்றாடலை அன்று எனத் தாளிற் குறிக்கப்பட்டிருந்தது. குறித்தவர் தீய நோக்கினரல்லர். வீடு என்பது மதிலுக்குள் அடங்கியது என்னும் எண்ணம் அவருக்கு இயல்பாகத் தோன்றியது; அவ்வளவே. ஆனால், சூழலோடு சேர்த்தே உறைவிடத்தை நோக்க வேண்டும் என்பதுதானே இத்துறையின் அடிப்படைக் கொள்கை? அக்கொள்கையை அம்மாணவி பாடநூலிற் படிக்குமுன்பே வாழ்ந்து அறிந்திருந்தார். லயத்திலே வீடு காம்பராவுள் முடிவதில்லை. வறுமை அவருக்கு ஓர் அறிவைத் தந்திருந்தது. பல்கலைக்கழகத்தில் அவ்வறிவுக்குப் பெயர் இருக்கவில்லை.

6

இது வெறும் கல்விப் பிரச்சினையன்று, உயிர்ப் பிரச்சினை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தது. ஆபத்து முன்னரே அறியப்பட்டும் எச்சரிக்கப்பட்டும் இருந்த இடம் அது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் தாக்கியபோதும் பதுளை உள்ளிட்ட மலையக மாவட்டங்களிற் சரிவுகள் பல உயிர்களைக் கொண்டன. மழை இயற்கையினது. ஆனால் மழை யார்மேல் மலையைச் சரிக்கிறது என்பதை இயற்கை மட்டும் முடிவுசெய்வதில்லை. எஞ்சிய நிலத்தை மனிதருக்கு ஒதுக்கிய பழைய வடிவமைப்பு, நூறாண்டுக்கு மேற்பட்டும் உயிர்ப்பலி கேட்கிறது.

வெலிமடையிலேயே மற்றோர் எடுத்துக்காட்டு உண்டு. உமாஓயாப் பல்நோக்குத் திட்டம் வெலிமடையின் புஹுல்பொலவிலும் பண்டாரவளைப் பகுதியின் டயறபாவிலும் அணைகளைக் கொண்டது; நீரைச் சுரங்கவழியே தென்கிழக்குக்குத் திருப்பி 120 மெகாவாற் மின்னையும் உற்பத்தி செய்கிறது. சுரங்கம் வெட்டப்பட்ட காலத்தில் நிலத்தடிநீர் உட்கசிந்து, பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்பிரலில் தொடக்கிவைக்கப்பட்டது. தாழ்நிலத்து உழவருக்கு நீர் வேண்டும் என்பதை மறுப்பார் இலர். மலைநிலத்தவரின் ஊற்றும் கிணறும் திட்டவரைபிற் போதிய இடம் பெற்றனவா என்பதே கேள்வி. இங்கே சிங்களக் கிராமத்தவரும் தமிழ்த் தோட்டத்தவரும் ஒரே நிலத்தடிநீரைப் பகிர்ந்தவர்கள். இன எல்லை நிலத்துக்கு மேலேதான். நிலத்தின் கீழே இல்லை. 1951ஆம் ஆண்டின் கண்டிய விவசாயிகள் ஆணைக்குழு அறிக்கை கிராமத்தவரின் நிலமின்மையைப் பதிவுசெய்தது. கிராமத்தின் நிலமின்மையும் லயத்தின் நெருக்கடியும் ஒரே அபகரிப்பின் இரு முகங்கள். இரண்டையும் ஒரே நிலப்படத்தில் வரைந்து காட்டுவது திட்டமிடற் கல்வியின் கடமை.

சட்டத்தின் நிலையும் இவ்வாறே. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுள் பிரதேச சபைகள் தம் நிதியைச் செலவிடுவதற்குத் தடையாக நின்றது. மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபை அம்மக்களின் பாதையைச் செப்பனிட இயலாதிருந்தது. 2018இலேதான் அது திருத்தப்பட்டது. லயத்தவர் பலருக்குத் தனி முகவரியே இல்லை. கடிதம் தோட்ட அலுவலகம் வழியே வரும். பெறுநரின் முகவரி இல்லாத இடத்தில் திட்டமிடல் யாரை நோக்கிப் பேசும்?

அண்மைக்காலத்தில் இந்திய உதவியோடும் அரச நிதியோடும் 7 பேர்ச் அளவிலான காணியில் தனி வீடுகள் கட்டப்பட்டு வருகின்றன. 4,000 வீடுகளின் பின், 2017 மேயில் நோர்வூட்டில் மேலும் 10,000 வீடுகள் அறிவிக்கப்பட்டன. தனிவீடும் காணியுறுதியும் நூற்றாண்டுப் போராட்டத்தின் பேறு. அதனைக் குறைத்து மதிப்பிடலாகாது. ஆயினும் ஒரே வகைக் கிடைப்படம் எல்லாச் சரிவுக்கும் பொருந்தாது. பீலிக்கரை எங்கே, காமன் பொட்டல் எங்கே, வேலைக்குச் செல்லும் தாய் பிள்ளையை விடும் இடம் எங்கே என்று எவரேனும் கேட்டனரா? லயத்தை இடிக்கும்போது அதன் கொடுமையோடு அம்மக்கள் உண்டாக்கிய கூட்டுவெளியும் சேர்ந்து இடிபடக்கூடாது. கெடிஸ் நூறாண்டுக்கு முன் சொன்ன எச்சரிக்கை இதுவே.

7

இறுதியாக, எம்மை நோக்கியே ஒரு கேள்வி. பதுளை மாவட்டத்திற் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் ‘காலங்கள் சாவதில்லை’ முதலாக, மலையக இலக்கியம் லயத்தை மையமாகக் கொண்டே வளர்ந்தது. முற்போக்குத் திறனாய்வாளராகிய நாம் அப்படைப்புகளில் லயத்தைச் சுரண்டலின் குறியீடாகக் கண்டு விளக்கினோம். குறியீடாகக் கண்டதில் தவறில்லை. குறியீடாக மட்டும் கண்டதே குறை. 1845இல் எங்கெல்ஸ் இங்கிலாந்தின் தொழிலாளர் நிலையை எழுதியபோது, முதுகோடு முதுகு ஒட்டிய மான்செஸ்ரர் வீடுகளின் கிடைப்படங்களையும் நூலிற் சேர்த்தார். காற்று எங்கே தடைப்படுகிறதென்று கோடு வரைந்து காட்டினார். 1872இல் வீட்டுப் பிரச்சினை பற்றி அவர் எழுதியவற்றை மேற்கோள் காட்டிய நாம், அவரைப் போல் அளவுகோலை எடுக்கவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர் சிலரோடு வெலிமடையை அடுத்த தோட்டமொன்றில் ஒரு லயத்தை அளக்கச் சென்றோம். இஸ்தோப்பில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருவர், இந்தக் காம்பராவை அளக்க நாடா எதற்கு என்று கேட்டார். தாம் பிள்ளை பெற்ற இடம், கணவரைக் கிடத்திய இடம், மருமகள் வந்தபின் திரை கட்டிய இடம் என ஒவ்வொன்றாகக் காட்டினார். எமது தாளில் இருந்தது 120 சதுர அடி. அவர் காட்டியது மூன்று தலைமுறை. இவ்விரண்டையும் ஒரே தாளில் வரையத் தெரிந்த கல்வியே சூழல் வடிவமைப்புக் கல்வி எனத் தகும்.

ஆகவே நாம் முன்வைப்பன இவை. வடிவமைப்புத் துறைகளின் பாடத்திட்டத்திற் பெருந்தோட்ட இடவெளியின் வரலாறு, மாளிகைகளுக்கும் கோயில்களுக்கும் உள்ள அதே மதிப்புடன் இடம்பெற வேண்டும். தோட்டப் பாடசாலை மாணவருக்கு இத்துறைகள் உள்ளன என்ற செய்தியும், உளச்சார்புப் பரீட்சைக்கான பயிற்சியும் தாய்மொழியிற் சென்றடைய வேண்டும். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் உடனடியாக ஏற்கத்தக்க பணி இது. இடிக்கப்படுமுன் லயங்கள் யாவும் அளந்து வரையப்பட வேண்டும்; அவ்வேலையை இலக்கிய மாணவரும் வடிவமைப்பு மாணவரும் அங்கு வாழ்வோரும் சேர்ந்தே செய்ய வேண்டும்.

மலையை அறிந்து காற்றை அறிந்து நீரை அறிந்து ஒரு பெருந்தோட்டம் வடிவமைக்கப்பட்டது. அந்த அறிவு இலாபத்துக்கு ஏவல் செய்தது. அதே அறிவை அம்மலையில் உழைத்தோர் தமக்காகக் கையாளும் காலம் தானாக வந்துவிடாது. வரைபலகையின் முன் லயத்துப் பிள்ளை அமர்வது அதன் தொடக்கம். தான் வரைந்ததை வீடு என்று ஏற்கச் செய்வது அடுத்த படி.